அக்காவின் கையில் கேட்ட இரைச்சல்

டொக்டர் காதுக்குழாயை அக்காவின் இடக்கையிலிருந்த கட்டியின்மேல் வைத்தார். நெஞ்சில் வைக்கவேண்டியதை ஏன் கையில் வைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தலை குனிந்தபடி நீண்ட நேரம் கேட்டார். பிறகு தன் காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கேட்டுப் பாருங்கோ, மிஸி."

கேட்டேன். உள்ளே ஓர் இரைச்சல் இருந்தது. நாடி துடிக்கும்போதெல்லாம் ஏறியது, பிறகு தணிந்தது, ஆனால் ஒரு கணமும் ஓயவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, எலுமிச்சங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்தக் கட்டியின் தோல் மினுமினுத்தது. தொட்ட விரலில் சூடு தெரிந்தது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கேக்குது?"

"ரத்தம் ஓடுற சத்தம், அக்கா."

"ரத்தம் ஓடினா நல்லதுதானே," என்றாள்.

டொக்டர் கை கழுவப் போனார். கழுதையொன்று வாசற்படிவரை வந்து நின்று உள்ளே பார்த்தது. அதை விரட்டுகிற சாட்டில் நான் வெளியே போனேன்.

கருவாட்டுப் பந்தல்

இத்தனை கிழமையாக இந்தத் தொடரில் ஆஸ்பத்திரியைப் பற்றியும் குவாட்டர்ஸ் வாழ்க்கையைப் பற்றியும் எழுதிவிட்டேன். என்னைத் தாதி வேலைக்கு அனுப்பி வைத்த சலோமை அக்காவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பேனையை எடுத்தால் அந்தப் பக்கம் போகாமல் வேறு பக்கம் போய்விடும். இந்தக் கிழமை போகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். இரண்டாவது யுத்தம் இன்னும் வரவில்லை. மன்னார்ப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல்காரருக்குக் கட்டில் போதாது, விறாந்தையிலும் பாய் விரித்திருப்போம். எங்கே திரும்பினாலும் கொயினா மருந்து மணக்கும்.

எங்கள் ஊர் பேசாலை. அம்மா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அக்காதான் சமைத்தாள், தலை வாரினாள், அடித்தாள். கடற்கரையில் கருவாட்டுப் பந்தலில் வேலை. மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, பந்தலில் பரப்பி, பின்னேரம் அள்ளுவாள். இரண்டு பெண்கள் தூக்கும் கூடையைத் தனியே தூக்கித் தலையில் வைப்பாள்.

யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழக என்னைக் கேட்டபோது எங்கள் தகப்பனார், ஐயா, விட மறுத்தார். குமர்ப்பிள்ளை, பிறத்தியாரின் உடம்பைத் தொடுகிற வேலை என்று சொன்னார். அக்கா மீன் வெட்டிக்கொண்டே, "இவளின்ர கை மீன் வெட்ட உதவாது, ஐயா. ஊசி பிடிக்கட்டும்," என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

அக்காவுக்கு நெடுங்காலம் பிள்ளையில்லை. மருதமடு மாதாவிடம் நடந்துபோய் நேர்ந்தாள். அந்த வயதில் யாரும் எதிர்பாராதபோது பிலோமினா பிறந்தாள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமுன் கையில் இந்தக் கட்டி வந்தது.

அறுந்தால் சுருங்கும்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பித்த வெள்ளைக்கார மிஸி முதலில் கற்றுத்தந்தது ரத்தத்துக்குப் பயப்படாமல் இருக்க. "குழாய் அறுந்தால் தானே சுருங்கும். அதற்கு நீ நேரம் கொடுத்தால் போதும்," என்று தன் உடைந்த தமிழில் சொல்லுவார். நாடி என்கிற ரத்தக் குழாயின் சுவரில் சதை இருக்கிறது, அறுபட்டதும் அந்தச் சதை இறுகி வாயை மூடும், நாங்கள் செய்வதெல்லாம் அது மூடும்வரை அழுத்திப் பிடிப்பதுதான் என்று விளங்கப்படுத்துவார்.

அது உண்மை என்பதை மன்னாருக்கு வந்தபின் கண்டேன். முசலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவரைக் கொண்டுவந்தார்கள். காடு வெட்டும்போது கோடரி கெண்டைக்காலில் பட்டிருந்தது. வண்டி நிறைய ரத்தம். நான் துணியை வைத்து முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். கை விறைத்துப்போனது. மெதுவாகத் துணியை எடுத்துப் பார்த்தபோது ஒரு சொட்டும் வரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், நிண்டுட்டுது," என்றார் அவர், தனக்கல்ல, வேறு யாருக்கோ நடந்ததுபோல.

உடம்பின்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை அன்றைக்கு வந்தது. உடம்புக்குத் தன்னைக் காப்பாற்றத் தெரியும், நாங்கள் உதவிக்கு நின்றால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் கட்டியைக் கேட்ட அன்று டொக்டர் கை துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர், அதிகம் பேசமாட்டார். அக்காவையும் அவள் புருஷன் பேதுரு அத்தானையும் முன்னால் இருத்திச் சொன்னார்.

"இது சீழ்க்கட்டி இல்லை. சதையிலை வாற புற்று. கையைத் தோளோடை எடுக்கவேணும். எடுக்குமட்டும் கத்தியோ ஊசியோ இதிலை படக்கூடாது."

அத்தான் கரைவலைக்காரர். கடலில் எதற்கும் அஞ்சாத மனிதர். அவர் தன் தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

அக்கா, "பிள்ளை இன்னும் பால் குடிக்குது, டொக்டர். கொஞ்சம் போகட்டும்," என்றாள். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவள்போல எழுந்து போனாள்.

தோட்டவெளியிலிருந்து வந்த வண்டி

அக்கா வரவில்லை. நான் லீவு எடுத்துப் போய்க் கேட்டபோது, மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன் என்றாள். கட்டி தேங்காய் அளவுக்கு வந்திருந்தது. தோலுக்குக் கீழே நீலமாக நரம்புகள் புடைத்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

பிறகு ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அத்தான் முன்னால் குதித்தார். வண்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். அவளுடைய கையை மடியில் வைத்து, தன் சால்வையைச் சுருட்டி அழுத்தியபடி ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சால்வை எந்த நிறம் என்று சொல்லமுடியாதபடி இருந்தது.

அவர் வெள்ளாங்குளத்துப் பரியாரி. தோட்டவெளியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காப்பாற்றலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அத்தான் அக்காவை அவரிடம் கூட்டிப்போயிருந்தார். பரியாரி சீழ் இருக்கும் என்று நினைத்துச் சிறிதாய் ஒரு கீறல் போட்டார்.

"எத்தினையோ கட்டி கீறியிருக்கிறன், பிள்ளை," என்றார் அந்தக் கிழவர். "இப்பிடி ஒண்டை நான் காணேல்லை. நிக்குதில்லை. அமத்த அமத்த வேற இடத்தாலை வருது."

அவர் ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. தோட்டவெளியிலிருந்து ஆஸ்பத்திரிவரை கையை எடுக்காமல் வந்திருந்தார்.

நான் சால்வையை நீக்கித் துணியை வைத்தேன். பாரத்தைப் போட்டு அழுத்தினேன். முசலிக்காரரின் காலை அழுத்திய அதே கைகள்தான். துணி நனைந்தது. அதன்மேல் இன்னொன்றை வைத்தேன். அதுவும் நனைந்தது. பீறிட்டு வரவில்லை. பீறிட்டால் எந்தக் குழாய் என்று கண்டு கட்டலாம். பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் வருவதுபோல எல்லா இடத்தாலும் ஊறி வந்துகொண்டிருந்தது. நேரம் கொடுத்தேன். எவ்வளவு கொடுத்தும் சுருங்கவில்லை.

டொக்டர் வந்து தோளுக்குக் கீழே ரப்பர்ப் பட்டியை இறுக்கிய பிறகுதான் அது நின்றது.

"இனி யோசிக்க நேரமில்லை," என்றார் அவர்.

"கையில்லாமல் இவள் என்னெண்டு சீவிக்கிறது, டொக்டர்?" என்று அத்தான் கேட்டார்.

"கையோடை சீவிக்க ஏலாது."

அக்கா கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆனால் பேச்சுத் தெளிவாக வந்தது.

"எடுங்கோ, டொக்டர். எறிஞ்சு போடாதேங்கோ. ஞானஸ்நானம் வாங்கின உடம்பு. எங்கட சேமக்காலையிலை புதைக்கவேணும்."

டொக்டர் சைவக்காரர். அவர் ஓமென்று தலையசைத்தார்.

சிவப்புக் கூழ்

மறுநாள் காலையில் அக்கா மயக்கம் தெளிந்து கஞ்சி குடித்தாள். டொக்டர் என்னை மருந்தறைக்குப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பெட்டிக்குள், வெள்ளைத் துணியால் மூடி, இரவே வெட்டி எடுத்த அந்தக் கை இருந்தது.

"சீமையிலை ஒருக்கால் பாத்தனான், மிஸி. ரத்தக் குழாய்க்குள்ளை நிறம் போட்ட கூழை ஏத்தி, இறுகினாப்பிறகு வெட்டிப் பாத்தால் உள்ளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியும். ஏன் அந்த ரத்தம் நிக்கேல்லையெண்டு எனக்குப் பாக்கவேணும். உங்கட அக்காவின்ர கை. நீங்கள் வேண்டாமெண்டால் பெட்டியை மூடுவம்."

நான் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"பாக்கட்டும். பாத்திட்டுத் தைச்சுத் தரச்சொல்லு," என்றாள்.

நான் அந்த அறையில் நிற்கவேண்டியதில்லை. நின்றேன். வேறு யாரோ அந்தக் கையைப் பிடிப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. விரல்களில் மீன் முள் கிழித்த பழைய தழும்புகள் இருந்தன. நகத்துக்குள் இன்னும் உப்பு.

டொக்டர் உப்புத் தண்ணீரால் குழாய்களைக் கழுவினார். சிவப்புச் சாயம் கலந்த இளஞ்சூடான கூழைப் பெரிய நாடிக்குள் மெதுவாக ஏற்றினார். அது ஆறி இறுகும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் திறந்தார்.

முதலில் கட்டிக்குக் கீழே, நல்ல சதை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சிவப்புக் கோடுகள் பிரிந்து பிரிந்து போயின. பெரியதிலிருந்து சிறியது, அதிலிருந்து இன்னும் சிறியது. எது எங்கிருந்து வந்து எங்கே போகிறதென்று விரல் வைத்துச் சொல்லலாம். சங்கீதப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்ததுபோல எனக்கு இருந்தது. அக்காவின் கை அவ்வளவு அழகாக உள்ளே கட்டப்பட்டிருந்தது.

பிறகு அவர் கட்டியைத் திறந்தார்.

அங்கே ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை. ஒரே குழாய் ஓரிடத்தில் பெருவிரல் அளவுக்கு வீங்கி, அடுத்த இடத்தில் நூலாக ஒடுங்கியது. சில வளைந்து தாங்கள் வந்த இடத்துக்கே திரும்பின. சில எங்கும் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுபோயின. நாடியிலிருந்து நேராக, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்துக்குள் திறந்துகிடந்த வாய்களும் இருந்தன. இரைச்சல் அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்றார் டொக்டர். பல இடங்களில் சிவப்புக் கூழ் குழாய்க்குள் நிற்கவேயில்லை. சுவரைத் தாண்டிச் சுற்றுச் சதையெல்லாம் பரவியிருந்தது.

நடுவில் ஒரு பகுதி சாம்பல் நிறத்தில் செத்து, சேறாகிக் கிடந்தது.

"இவ்வளவு ரத்தம் வந்தும் இந்த இடத்துக்கு ஒரு குழாயும் வந்து சேரேல்லை," என்றார். லென்ஸை என்னிடம் தந்தார். "சுவரைப் பாருங்கோ. நல்ல குழாயின்ர சுவரிலை சதை இருக்கும். அறுந்தால் சுருங்கும். இதிலை அது இல்லை. பேப்பர் மாதிரி மெல்லிசு. கட்டி அவசரப்பட்டு வளரேக்கை உடம்பும் அதுக்கு அவசரப்பட்டுக் குழாய் போட்டுக் குடுத்திருக்குது. இதை நீங்கள் நாள் முழுக்க அமத்தினாலும் நிண்டிராது, மிஸி."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் நான் அந்த மெல்லிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டொக்டர், உள்ளையிருந்து ரத்தம் வெளியாலை வாறதெண்டால், வெளியாலை இருக்கிற கட்டி ரத்தத்துக்குள்ளை போகவும் ஏலும்தானே?"

அவர் லென்ஸை வாங்கித் துடைத்தார்.

"ஏலும்."

"அப்ப போயிருக்குமோ?"

"தெரியாது. போயிருந்தால் நெஞ்சுக்குத்தான் போகும்."

அவரே ஊசி நூலெடுத்துத் தைத்தார். மிக நெருக்கமாக, உயிருள்ள தோலைத் தைப்பதுபோலத் தைத்தார்.

சின்னப் பெட்டி

கையைப் பெட்டியில் வைத்து நானும் அத்தானும் ரயிலில் பேசாலைக்குக் கொண்டுபோனோம். பெட்டியை என் மடியில் வைத்திருந்தேன். எதிரில் இருந்த ஒரு பெண் பெட்டியின் நீளத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

"எத்தினை மாசப் பிள்ளை?" என்று மெல்லக் கேட்டாள்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பெட்டியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டேன். அவள் தன் செபமாலையை எடுத்து இறங்கும்வரை எங்களுக்காகச் செபித்தாள்.

சேமக்காலையில் மணல் இலகுவாக வெட்டுப்படும். அத்தானே வெட்டினார். சுவாமியார் வந்து தண்ணீர் தெளித்தார். இதற்கென்று செபம் இல்லை, சின்னதாய் ஒன்று சொல்கிறேன் என்றார். அத்தான் மண்ணை மூடிவிட்டு அங்கேயே குந்திக்கொண்டார். "என்னெண்டு சொல்லி அழுகிறதெண்டும் தெரியேல்லை, திரேசா," என்றார்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. அக்கா வீட்டுக்கு வந்தாள். மீனைக் காலால் மிதித்துப் பிடித்து வலக்கையால் பிளக்கப் பழகினாள். இல்லாத விரல்கள் கடிக்கின்றன என்று சிரித்தாள். நான் போகும்போதெல்லாம் தோளிலிருந்த காயத்தைப் பார்ப்பேன். ஆறி, வழுவழுப்பாக இருந்தது. நல்ல சதை, நல்ல குழாய், தன் வேலையைச் செய்திருந்தது. அந்தத் தழும்பைப் பார்த்து நான் நம்பத் தொடங்கினேன்.

வாடைக்காற்று வீசத் தொடங்கியபோது அக்கா இருமினாள்.

அவள் கேட்டது

குளிர் என்றார்கள். புகை என்றார்கள். ஒருநாள் கருவாட்டுப் பந்தலில் குனிந்து இருமியபோது மணலில் ரத்தம் விழுந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேலை செய்தாள் என்று பக்கத்துப் பெண் சொல்லி அறிந்தேன்.

டொக்டர் பேசாலைக்கே வந்தார். அக்காவின் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். இந்தமுறை என்னிடம் நீட்டவில்லை.

வண்டியில் ஏறும்போது, "அதே குழாய்தான் நெஞ்சிலையும் போட்டிருக்கும், மிஸி. இதுக்கு மேலை பட்டி கட்டுறதுக்கு இடமில்லை," என்றார். எனக்கு அபின் கலந்த மருந்துப் போத்தலைத் தந்துவிட்டு, எவ்வளவு என்று சொன்னார். கூடினாலும் பரவாயில்லை என்று சொல்லாமல் சொன்னார்.

நான் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு போய் அக்காவோடு இருந்தேன். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை சாய்த்து உட்கார்த்திவைத்தேன். அத்தான் கடலுக்குப் போகவில்லை. அவள் துப்பும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

ஒரு பகல், கிண்ணத்தைக் கழுவ அவர் வெளியே போயிருந்தபோது அக்கா என்னைக் கேட்டாள்.

"நீ பாத்தனியெல்லே? என்ர கைக்குள்ளை."

"ஓம், அக்கா."

"எப்பிடி இருந்தது?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"விரல் பக்கம் வடிவாய் இருந்தது. கட்டிக்குள்ளை ரத்தக் குழாயெல்லாம் தாறுமாறாய்க் கிடந்தது. எங்கை போறதெண்டு தெரியாமல்."

"ஆர் அதைப் போட்டது?"

"எங்கட உடம்புதான். கட்டி கேக்கும். உடம்பு குடுக்கும்."

அவள் மூச்சு வாங்கக் காத்திருந்தாள்.

"அப்ப நான்தான் சோறு போட்டு வளத்திருக்கிறன்," என்றாள்.

எத்தனையோ பேரின் மரணப் படுக்கையில் நின்று எத்தனையோ ஆறுதல் சொல்லிப் பழகியவள் நான். ஆனால் அவள் கேட்டது ஆறுதலை அல்ல. தன் உடம்பு தனக்குச் செய்ததை அறிய விரும்பினாள், அறிந்துகொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அடுத்த கிழமை, நல்ல வெயில் நேரத்தில், ஓர் இருமலோடு நிறைய ரத்தம் வந்தது. என்னால் என்ன செய்யமுடியும்? அழுத்துவதற்கு அங்கே இடமில்லை. துணியை வாயருகே பிடித்துக்கொண்டு இருந்தேன். கடற்கரையில் வலை இழுப்பவர்களின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓயுமுன் அக்கா போய்விட்டாள்.

வலது பக்கம்

அத்தானால் வீட்டில் இருக்க முடியவில்லை. வெள்ளாங்குளத்துக்கு அப்பால் கடலோரத்தில் வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்கிறவர்களோடு சேர்ந்து போனார். "வருவன், திரேசா," என்று சொல்லிப் பிலோமினாவை என்னிடம் விட்டார். வந்துபோனார், ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை.

பிலோவுக்கு அப்போது ஓடித்திரியும் வயது. குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்த முதல் நாள் அவளைத் தூக்கினேன். வலக்கை வேலைக்கு வேண்டுமென்று எல்லாப் பெண்களும் தூக்குவதுபோல இடது இடுப்பில் வைத்தேன். அழுதாள். தட்டிக் கொடுத்தேன், நிறுத்தவில்லை. உடம்பை வளைத்து வளைத்து மறுபக்கம் எட்டினாள். பசி என்று நினைத்தேன், வயிற்றுக்குத்து என்று நினைத்தேன். கை ஓய்ந்துபோய் அவளை வலப்பக்கம் மாற்றினேன்.

உடனே அழுகை நின்றது. கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் விளங்கியது. அவளுக்குத் தெரிந்த அம்மாவுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் கை இருந்தது. வலது இடுப்பில் பிள்ளையை வைத்தபின் என்னால் ஒரு வேலையும் செய்யமுடியவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அந்த மாதங்களில் பிள்ளையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் கத்தியை, மீனை, அகப்பையை, எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுத்தான் தூக்கியிருக்கிறாள்.

கொஞ்சக் காலம் பிலோவை அப்படியே வலப்பக்கம் தூக்கினேன். பிறகு வேலை, நைற் டியூட்டி, பார்த்துக்கொள்ள வேறு பெண்கள். அவர்கள் தங்களுக்கு வசதியான பக்கம் தூக்கினார்கள். முதலில் அழுதாள், பிறகு சிணுங்கினாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து அவசரத்தில் இடது பக்கம் தூக்கினேன். அவள் மறுபக்கம் எட்டாமல், அழாமல், என் தோளில் சாய்ந்தாள்.